விரிவாக்கம்

கிரிம்ஸ்பி ஆஸ்பத்திரியின் நிலவறையில்
பதினெட்டு வருஷமாகத் தட்டச்சு.
காதில் டாக்டரின் குரல், காலடியில் பெடல்,
மேலே எங்கோ மீன் வண்டிகள்
பின்வாங்கும் பீப் பீப்.

டாக்டர்கள் முழு வார்த்தை பேசுவதில்லை.
பிஸ்கட் தின்பவன் சட்டையில் துகள் போல
எழுத்துகளை உதிர்த்துக்கொண்டே போவார்கள்.
நான் கூட்டிப் பெருக்குவேன்.

விகுதிகளை யாரும் சொல்லித்தரவில்லை,
கேட்டுக் கேட்டுப் பிடித்துக்கொண்டேன்.
ஐடிஸ் என்று முடிந்தால் வீங்கியிருக்கிறது.
எக்டமி என்று முடிந்தால் அது இப்போது அங்கே இல்லை.
ஓமா என்று வந்தால் என் விரல் ஒரு கணம் நிற்கும்.
நின்றது அவசரம் என்று பின்னால் தெரிந்தது:
லைப்போமா வெறும் கொழுப்பு,
அதோடு தொண்ணூறு வயதுவரை சீட்டாடலாம்.
மெலனோமா அப்படியில்லை.
வாலைப் பார்த்து மிருகத்தைச் சொல்லிவிட முடியாது.

எங்கள் ஊர்ப் பெயருக்கும் வால் உண்டு: பி.
என்றைக்கோ படகில் வந்த டேன்காரன்
இறக்கிவைத்துப் போன சொல். குடியிருப்பு என்று பொருள்.
என் பெயரிலும் அதே வால், தெல்மா ஆக்ஸ்பி.
அம்மா வழிப் பெயர்.
அப்பாவைப் பற்றி அம்மா சொன்னது ஒரே வாக்கியம்:
கடல் கொண்டுபோயிற்று.

ஒருமுறை க்ராக்நெல் என்று ஒரு இழுவைப்படகுக்காரர்
கடிதத்தைக் கவுண்டரில் அறைந்தார்.
'எஸ்.ஓ.பி. என்று எழுதியிருக்கிறார் உங்கள் டாக்டர்.
மூச்சு வாங்குகிறது என்று வந்தவன் நான்.
என் அம்மாவை ஏன் இழுக்கிறார்?'
மூச்சு வாங்குவதைத்தான், ஐயா,
அப்படி எழுதுவார்கள் என்றேன்.
நம்பவில்லை.
படியேறும்போது மூன்று இடத்தில் நின்றார்.

பிறகு ஸ்கேனர் வந்தது.
பழைய கோப்புகளின் ஸ்டேப்பிளர் பின்களைப் பிடுங்கி
ஒவ்வொரு தாளாக அதற்கு ஊட்ட வேண்டும்.
உறவினர் கோப்பைத் திறக்கக் கூடாது;
அந்த விதிக்குக் கீழே என் கையெழுத்து இருக்கிறது.
அம்மா போய் இரண்டு வருஷம் ஆகியிருந்தது.
ஒரு வியாழக்கிழமை, பெட்டியின் அடியில்,
ஐரீன் ஆக்ஸ்பி, பிரசவ வார்டு, 1971.

அம்மாவின் ரத்தம் நெகட்டிவ்.
பிள்ளையின் தந்தைக்கும் ரத்தம் பார்க்க வேண்டும் என்று
தபால் போயிருக்கிறது.
மார்ச் 4: டி.என்.ஏ.
மார்ச் 18: டி.என்.ஏ.
ஏப்ரல் 1: டி.என்.ஏ.

எங்கள் ஆஸ்பத்திரிப் பாஷையில் அதற்கு
'வரவில்லை' என்று அர்த்தம்.
பஸ்ஸைத் தவறவிட்டவர்களுக்கும்
பயந்து வீட்டிலேயே இருந்துவிட்டவர்களுக்கும்
நானே நாளைக்கு நாற்பது முறை தட்டுவேன்.

பக்கத்தில் தபால் போன முகவரி.
கடல் அல்ல.
ஆங்கர் தெரு, இருபத்தேழு.
எங்கள் வீட்டிலிருந்து நாலு திருப்பம்.
வெள்ளிக்கிழமைதோறும் பொரித்த ஹேடக் வாங்க
அந்த வழியாகத்தான் போவோம்.
அம்மா எப்போதும் எதிர்ச் சாரியில் நடப்பாள்.

புது மென்பொருள் சுருக்கங்களைத் தானே விரிக்கும்.
தாளை விழுங்கியது, கொஞ்சம் யோசித்தது,
மூன்று தேதிக்கும் நேராக எழுதிக் காட்டியது:
தந்தை – டியாக்ஸிரிபோ நியூக்ளிக் அமிலம்.
கீழே இரண்டு பொத்தான். சரி. திருத்து.

சிரித்துவிட்டேன்.
பக்கத்து மேசை ப்ரையனி ஹெட்போனைக் கழற்றிப் பார்த்தாள்.
இருமல் என்றேன்.

மவுஸின் மேல் என் வலது சுண்டுவிரல்,
நுனியில் உள்பக்கமாகக் கோணியிருக்கும்.
அம்மாவின் விரல்கள் ஐந்தும் நேர்.
வராதவர் இங்கேதான் வந்து உட்கார்ந்திருக்கிறார்,
ஐம்பது வருஷம் ஆகப்போகிறது,
ரத்தம் பார்க்கக் கூப்பிட்டபோது மட்டும் இல்லை.

விதிப்படி மூன்றையும் திருத்த வேண்டும்.
மார்ச் 4, திருத்தினேன்.
மார்ச் 18, திருத்தினேன்.
மூன்றாவதற்கு, சரி.

யாராவது கேட்டால் இயந்திரம் என்பேன்.